மாவுக்கட்டுப் போட்ட துப்பாக்கி

மதினிக்கு ஒற்றைக் கண்ணை மூடுகிறவர்களைக் கண்டால் ஆகாது. அது பஸ் ஸ்டாண்டில் நின்று கண்ணடிக்கிற மைனராக இருந்தாலும் சரி, ஊசியில் நூல் கோக்கிற நானாக இருந்தாலும் சரி. "எதுக்குட்டி ஒத்தக் கண்ண மூடுத? ஆண்டவன் ரெண்டு குடுத்திருக்கான்லா, ரெண்டையும் தொறந்து பாரு" என்பாள். பலூன் சுடுகிற கடை வைத்திருக்கும் ஒருத்தி இதைச் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். துப்பாக்கியைத் தூக்குகிறவன் முதலில் செய்கிற காரியமே ஒரு கண்ணை மூடுவதுதானே.

ராஜபாளையத்தில் நாங்கள் ஒரே வளவில் குடியிருந்தோம். எட்டு வீடு, ஒரு கிணறு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு முருங்கை. ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. அவள் புருஷனை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன், அதனால் அவள் எனக்கு மதினி. நான் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலையில் இருந்தேன். அவர்கள் இருவரும் திருவிழாவுக்குத் திருவிழா போய்ப் பலூன் கடை போடுவார்கள். எங்கள் ஊர்ப் பூக்குழி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர், வத்திராயிருப்புப் பக்கத்துக் கோயில் கொடைகள் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பொட்டலில் அவர்களுடைய பலகை நிற்கும். பலகையில் வரிசை வரிசையாகப் பலூன், எதிரே ஒரு மேஜை, மேஜை மேல் ஏர்கன். அண்ணன் பலூன் ஊதுவார், மதினி குண்டு போட்டுக் கொடுப்பாள்.

அந்தத் துப்பாக்கி கோணல். பொதுவாக எல்லாப் பலூன் கடையிலும் துப்பாக்கி கோணல்தான். குழலின் நுனியில் குறி பார்க்க ஒரு சின்ன முள் இருக்கும். அதைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி வைப்பார்கள். முள்ளை வலப்பக்கம் தட்டினால் குண்டு இடப்பக்கம் போகும். சுடுகிறவன் மூச்சைப் பிடித்து, கண்ணை மூடி, மிக நேராகக் குறி பார்ப்பான். அவன் எவ்வளவுக்கு எவ்வளவு நேராகப் பார்க்கிறானோ அவ்வளவுக்கு அவ்வளவு தப்பும். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டே போவான்.

மதினி அந்தக் கடைக்கு வந்து சேர்ந்ததே அப்படித்தான். எண்பதுகளின் ஆரம்பத்தில், தேர் பார்க்க வந்த இடத்தில், தோழிகளோடு துப்பாக்கியைத் தூக்கியிருக்கிறாள். முதல் மூன்று குண்டும் காலி. கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இவள் மட்டும் நகரவில்லை. நாலாவது குண்டுக்குச் சிவப்புப் பலூனுக்கு ஆசைப்பட்டுப் பக்கத்துப் பச்சைப் பலூனைக் குறி பார்த்தாள். சிவப்பு வெடித்தது. அதற்கப்புறம் ஒன்றும் தப்பவில்லை. அன்றைக்குக் கல்யாணம் ஆகாத அண்ணன், "என்ன புள்ள, வேற பலூனப் பாத்துச் சுடுத?" என்று கேட்டாராம். "ஒன் துப்பாக்கி வேற பலூனப் பாக்குது, நானும் அதத்தான் பாக்கேன்" என்றாளாம். அடுத்த தைக்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. இந்தக் கதையை அண்ணன் என்னிடம் மட்டுமே ஐம்பது தடவை சொல்லியிருப்பார். மதினி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யாராவது ஆரம்பித்தாலும் எழுந்து தண்ணீர் இறைக்கப் போய்விடுவாள்.

எனக்குக் கல்யாணமான புதிதில் பூக்குழிக்கு எங்கள் வீட்டு ஆளோடு போய் அதே துப்பாக்கியில் பத்துக் குண்டு சுட்டேன். பத்தும் போயிற்று. குண்டு போட்டுக் கொடுத்தவள் மதினிதான். அதற்கப்புறம் வீட்டில் தோசை கருகினால் "குறி தப்பிருச்சா?", பஸ்ஸை விட்டால் "குறி தப்பிருச்சா?" என்று என் வீட்டுக்காரர் வருஷக்கணக்கில் ஓட்டினார். துப்பாக்கி விஷயம் எனக்குத் தெரிய வந்தபோது வந்த கோபத்தில் நேராக அவள் அடுப்படிக்குப் போய் நின்றேன்.

"அன்னைக்குப் பக்கத்துலதான மதினி நின்னீங்க. ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"ஏட்டி, எங்க வீட்டுச் சோறு அதுலதான் வெந்துச்சு."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். தப்பு இல்லன்னு நான் சொல்லலயே."

மன்னிப்புக் கேட்க அவளுக்கு வராது. ஆனால் தான் செய்ததை வேறு பேர் வைத்தும் சொல்ல மாட்டாள். அந்தக் குணம் எனக்குச் சில சமயம் பிடிக்கும், சில சமயம் எரிச்சலாக இருக்கும். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

இனி எங்கள் கம்பெனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரால்தான் எல்லாம் மாறியது. பேண்டேஜ் துணி நெய்து வந்ததும் அதை ஒரு கண்ணாடி மேஜையில் விரித்து, அடியில் லைட்டைப் போட்டு, இழை விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வேலையில் முப்பது வருஷம் இருந்தவர் அவர். ஓர் இழை விட்டிருந்தால் போதும், விரல் போய் அங்கே நிற்கும். துணி பார்க்கிறவர்களுக்கு எல்லாம் கண்தான் பயம். டாக்டரிடம் போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று போக மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வருஷம் ஒருமுறை பூக்குழிப் பொட்டலுக்குப் போய்ப் பலூன் சுடுவார்கள். பத்தில் நாலு விழுந்தால் கண்ணுக்கு இந்த வருஷம் குறையில்லை என்று டீ குடித்துவிட்டு வருவார்கள். கோணல் துப்பாக்கியை நம்பிக் கண்ணைச் சோதித்த ஆட்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

அந்த வருஷம் அண்ணன் முள்ளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டார். மாமா பத்துக் குண்டு சுட்டார். பத்தும் பலகையில் போய் ஒட்டின. இன்னொரு பத்துக் கேட்டு வாங்கினார். அதுவும் அப்படியே. "சரிம்மா" என்று மட்டும் மதினியிடம் சொல்லிவிட்டுப் போனவர், மறுநாள் காலையில் கம்பெனிக்கு வந்து, முதலாளி வருவதற்கு முன்னால் மேஜை லைட்டை அணைத்தார். "எனக்குக் கண்ணு போச்சு. மத்தவன் சொல்லி நான் வேலய விட்டு நிக்கக்கூடாது" என்றார். நாங்கள் எவ்வளவோ சொன்னோம், துப்பாக்கி கோணல் என்று அப்போது எனக்கும் தெரியாது. கேட்கவில்லை. கூமாப்பட்டியில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு தென்னந்தோப்பில் காவல் இருந்தார்.

அவர் லைட்டை அணைத்த அன்றைக்குச் சாயங்காலம் வளவுக்கு வந்து நான்தான் இதை மதினியிடம் சொன்னேன். அவள் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். அண்ணன், "வயசாச்சுல்லா அவியளுக்கு" என்று ஏதோ சொல்ல வந்தார். "வாய மூடுங்க" என்றாள். அந்த வளவில் அவள் அண்ணனை அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே கூமாப்பட்டிக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தோப்பில் கயிற்றுக் கட்டிலில் இருந்த மாமாவிடம் நின்றபடியே, "மாமா, எங்க துப்பாக்கி கோணல். ஒங்க கண்ணுல ஒண்ணுமில்ல" என்றாள்.

மாமா சிரித்தார். "நல்ல மனசும்மா ஒனக்கு. எம்புட்டுத் தூரம் வந்து சொல்லுத. ஆனா இத்தன வருஷமா அந்தக் கடையிலதான சுடுதேன். அப்பவெல்லாம் நாலும் அஞ்சும் விழுந்துச்சே."

"அப்பவும் கோணல்தான் மாமா. இந்த வருஷம் கூடக் கொஞ்சம்."

"சரி, சரி. மோர் குடிச்சிட்டுப் போங்க."

அவர் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். திரும்புகிற பஸ்ஸில் மதினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பொய்ய மட்டும் உடனே நம்பிட்டாரு பாத்தியா. துப்பாக்கி சொன்னா நம்புதாக, நான் சொன்னா நம்ப மாட்டாக. அப்பத் துப்பாக்கியவே சொல்ல வைக்கேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முள்ளை நேராக்கச் சுத்தியலை எடுத்தாள். எத்தனை தட்டுத்தான் அதுவும் தாங்கும். பட்டென்று முறிந்து கிணற்றடியில் போய் விழுந்தது. அண்ணன் தலையில் கை வைத்துவிட்டார். மதினி முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "விடுங்க. முள்ளுன்னு ஒண்ணு இருந்தா என்னைக்காவது ஒரு நாள் தட்டத் தோணும்" என்றாள்.

அவளுக்கு வேண்டியது என்ன என்று எங்களுக்கு அப்போது தெரியாது, பெயரும் தெரியாது. மில்லில் வேலை பார்த்த ஒருவரின் தம்பி துபாயிலிருந்து வந்திருந்தார். அங்கே ஒரு கடையில் துப்பாக்கி மேல் கண்ணாடி வைத்திருப்பதையும், அதற்குள் சிவப்பாக ஒரு புள்ளி எரிவதையும், அந்தப் புள்ளியை எங்கே வைத்தாலும் குண்டு அங்கே போகும் என்பதையும் அவர் சொன்னார். மதினி கேட்டது ஒரே கேள்வி.

"ஒரு கண்ண மூடணுமா?"

"மூட வேண்டாம்க்கா. ரெண்டு கண்ணையும் தொறந்துதான் பாக்கணும்."

அன்றைக்கே முடிவாகிவிட்டது.

மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையில் அந்தச் சாமான் வந்திருப்பதாக விசாரித்து, அண்ணன், மதினி, நான் மூன்று பேரும் போனோம். ஏர்கன்னை எங்கள் கம்பெனி பேண்டேஜ் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா அடிபட்டிருக்கு?" என்றார். "இதுக்குத்தான்" என்றாள் மதினி, சிரிக்காமல்.

கடைக்காரர் அண்ணனைப் பார்த்தே பேசினார். அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினி கடைக்காரரைப் பார்த்தாள். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. மேஜையில் மூன்று சாமான் வந்தன. முதலாவது நீளமாக, தொலைநோக்கி மாதிரி. மதினி அதில் கண்ணை வைத்தாள். எதிர்ச் சுவர் மங்கலாகத் தெரிந்தது. "இது மலையில இருக்கதப் பாக்க. எங்க பலூன் பத்தடியில இருக்கு" என்று தள்ளிவிட்டாள். இரண்டாவது, சின்னதாக ஒரு கண்ணாடி வில்லை சாய்ந்து நின்றது, அவ்வளவுதான். வில்லையில் சிவப்புப் புள்ளி அழகாக எரிந்தது. மூன்றாவது கட்டைவிரல் பருமனில் குட்டையான ஒரு குழாய். உள்ளே புள்ளி. பக்கத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு.

"இதுதாம்மா இப்ப எல்லாரும் வாங்குறது" என்று கடைக்காரர் இரண்டாவதைக் காட்டினார். முதல்முறையாக மதினியிடம் பேசினார்.

"வெயில்ல காட்டுங்க."

"என்னது?"

"எங்க கட பொட்டல்ல. இங்க கட இருட்டுல எல்லாம்தான் எரியும்."

கடைக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. அங்கே வெயிலில் வைத்துப் பார்த்தால் வில்லையில் புள்ளி இருக்கிற இடமே தெரியவில்லை. குழாயில் திருகைக் கடைசி வரை கூட்டினால் தெரிந்தது. கடைக்காரர் விடவில்லை. வில்லைதான் உறுதியானது, பெரிய பெரிய துப்பாக்கியிலேயே மாட்டுகிறார்கள் என்றார். "அப்ப எங்க துப்பாக்கியில மாட்டுங்க" என்றாள். அவர் ஒரு கம்பியை வைத்து இறுக்கி மாட்டினார். மதினி சந்தின் கடைசியில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி வைத்துச் சுட ஆரம்பித்தாள். பதினெட்டாவது குண்டில் புள்ளி அணைந்துவிட்டது. தட்டிப் பார்த்தார், பேட்டரியை மாற்றிப் பார்த்தார், எரியவில்லை.

"பெரிய துப்பாக்கிக்கே தாங்குறது இதுக்கு எப்படிப் போகும்?" என்று கடைக்காரருக்கு ஒரே ஆச்சரியம்.

மதினி தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். "பெரிய துப்பாக்கி பின்னால மட்டும் ஒதைக்கும். இது ஸ்பிரிங்கு. பின்னாலயும் ஒதைக்கும், ஒடனே முன்னாலயும் இழுக்கும். பதினஞ்சு வருஷமா என் தோளுக்குத் தெரியும், உங்க சாமானுக்குத் தெரியல."

குழாயை மாட்டி ஐம்பது குண்டு சுட்டாள். தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தாள். புள்ளி கண்ணாடிக்குள் நகர்ந்தது, ஆனால் தீப்பெட்டியை விட்டு நகரவில்லை. என்னையும் பார்க்கச் சொன்னாள். மூக்குக் கண்ணாடி போட்டிருந்த பக்கத்துக் கடை அம்மாளைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னாள். பேட்டரியைக் கழற்றி, நம் ஊர் வாட்ச் கடையில் கிடைக்கிறதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. "ஏன்மா, பலூன்தான சுடப் போறீங்க" என்றார். "ஆமா. பலூன்தான் சுடணும், பலகைய இல்ல" என்றாள்.

விலையை நான் எழுதப் போவதில்லை. அண்ணன் அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

வாங்கியாயிற்று, ஆனால் நிற்கவில்லை. எங்கள் துப்பாக்கியின் முதுகில் அதை மாட்டுவதற்கான பள்ளம் இல்லை. கம்பி போட்டு இறுக்கினால் நாற்பது குண்டில் தளர்ந்து புள்ளி ஒரு பக்கம் போய்விடும். மதினிக்கு அது மறுபடியும் பொய் சொல்வது மாதிரி இருந்தது. கடைசியில் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. எலும்பு முறிந்தால் போடுகிற மாவுக்கட்டுத் துணியும் எங்கள் கம்பெனியில்தான் செய்தோம். லேத்துப் பட்டறையில் ஒரு இரும்புப் பட்டை அடித்துக் குழாயைப் பிடிக்க வைத்து, அதற்கு மேல் மாவுக்கட்டுத் துணியை நனைத்து மூன்று சுற்றுச் சுற்றினாள். காய்ந்ததும் கல் மாதிரி ஆயிற்று. கட்டும் துப்பாக்கியும் சேருகிற இடத்தில் கரியால் ஒரு கோடு கிழித்தாள். கட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு நாளும் கடை திறந்ததும் எல்லாரும் பார்க்க முதல் குண்டை அவளே சுடுவாள்.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "என்னக்கா, துப்பாக்கிக்குக் கை முறிஞ்சிருச்சா?"

"ஆமா. ரொம்ப வருஷமாக் கோணலா இருந்துச்சு. இப்பத்தான் கட்டுப் போட்டிருக்கு."

அந்தத் துப்பாக்கியோடு கூமாப்பட்டிக்கு இரண்டாம் தடவை போனோம். மாமா கம்பெனியை விட்டுப் போய் அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வரப்பில் பத்துத் தேங்காய்ச் சிரட்டையை வரிசையாக வைத்தாள். மாமா வேண்டாம் வேண்டாம் என்றுதான் துப்பாக்கியை வாங்கினார். பழக்கத்தில் ஒரு கண்ணை மூடினார். "ரெண்டையும் தொறங்க மாமா" என்றாள். திறந்தார். முதல் சிரட்டை பறந்தது. அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது. ஒன்பது சிரட்டை விழுந்தது. பத்தாவதைச் சுடாமல் துப்பாக்கியைக் கட்டிலில் வைத்தார்.

"அப்ப அன்னைக்கும் என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமா மாமா."

நான் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "பேப்பர் படிக்கிறத விட்டுட்டேன். மகன் கல்யாணத்துல எதுக்க வாரவன் யாருன்னு எனக்கே தெரியுது, இருந்தாலும் பக்கத்துல இருக்கவன்கிட்டக் கேட்டுக் கேட்டுப் பேசுனேன். என் கண்ண நானே நம்பல. ஒங்க வெளையாட்டுக்கு நான்தான் கெடச்சனா?" என்று கத்தினார். தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "போயிருங்க. இந்தத் தோப்புக்குள்ள வராதீங்க" என்றார்.

மதினி அவர் திட்டி முடிக்கிற வரைக்கும் வெயிலில் நின்றாள். திரும்புகிற பஸ் வத்திராயிருப்பைத் தாண்டியது. பிறகு, "திட்டுனது சரிதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் நாலு கடையில கோணத் துப்பாக்கி இருக்குட்டி. எத்தன பேரு இப்படிக் கண்ணக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கானோ" என்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாகக்கூட இருந்தது.

மாமா மறுபடி கம்பெனிக்கு வரவில்லை. அவர் மேஜையில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. பேப்பர் படிக்கிறாராம் என்று மட்டும் பிற்பாடு கேள்விப்பட்டோம்.

அடுத்து வந்த ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை போட்டார்கள். தேருக்கு வருகிற கூட்டத்தை நம்பி ஒருவர் தனியார் பொட்டல் ஒன்றைப் பிடித்துக் கயிறு கட்டி ராட்டினம், வளையல் கடை, மிட்டாய்க் கடை எல்லாம் நடத்துவார். காண்ட்ராக்டர் என்று கூப்பிடுவார்கள். உள்ளே மதினியோடு சேர்த்து ஐந்து பலூன் கடை. நான் லீவு போட்டுவிட்டு ஒத்தாசைக்குப் போயிருந்தேன்.

முதல் நாளே கூட்டம் மதினி கடையில் மொய்த்தது. சிவப்புப் புள்ளியைப் பார்க்கத்தான் முதலில் வந்தார்கள். வந்தவன் எல்லாம் அடித்தான். துப்பாக்கியையே தொட்டுப் பார்க்காத பெண்கள் அடித்தார்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, புருஷன் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அடித்தார்கள். எங்கள் கம்பெனிப் பெண்கள் இருபது பேர் டவுன் பஸ் பிடித்து வந்து அடித்தார்கள். பலூன் அடிப்பதற்குப் பரிசு எதுவும் கிடையாது, சீப்பும் கிடையாது, சோப்பு டப்பாவும் கிடையாது. "வெடிக்குதுல்லா, அதுதான் பரிசு" என்றாள் மதினி. அண்ணனுக்குத்தான் கஷ்டம். முன்பு ஒரு நாளைக்கு ஊதியதை இப்போது ஒரு மணி நேரத்தில் ஊத வேண்டியிருந்தது. "ஏட்டி, என் கன்னம் ரெண்டும் செத்துப்போச்சு" என்று மடக்கு மடக்காகச் சோடா குடித்தார். ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

மற்ற நாலு கடைக்காரர்களும் சும்மா இருப்பார்களா. தொலைநோக்கி வைத்த துப்பாக்கி, ஆபத்து, என்று காண்ட்ராக்டரிடம் போனார்கள். மறுநாள் மத்தியானம் அவர் வந்தார். நல்ல சிரித்த முகம். பன்னீர் சோடா வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். துப்பாக்கியை வாங்கி அவரே நாலு பலூன் அடித்தார். பிறகு குழாயின் மேலும் பக்கத்திலும் இருந்த இரண்டு சின்ன மூடிகளைக் கவனித்தார். ஒன்றைத் திறந்தார். உள்ளே திருகு. புள்ளியை இடமும் வலமும் நகர்த்துகிற திருகு அது.

"யம்மா, இது நல்ல சாமானா இருக்கே" என்றார் குரலைத் தாழ்த்தி. "சுத்தியலே வேண்டாம் போலுக்கே. இத ஒரு சுத்து சுத்துனாப் போதும். புள்ளி பாட்டுக்கு எரியும், கூட்டம் பாட்டுக்கு வரும், குண்டு பாட்டுக்கு வெளிய போவும். ஒருத்தனுக்கும் தெரியாது. ராட்டினத்துக்குப் பக்கத்துல எடம் தாரேன். மத்தவுகளும் வாய மூடிக்கிடுவாக."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. முள்ளைத் தட்டினாலாவது கூர்ந்து பார்த்தால் தெரியும். இதில் யாருக்குமே தெரியாது. உண்மை சொல்ல வாங்கிய சாமான்தான் பொய் சொல்லவும் ஏற்றது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதினிக்கு மதுரையிலேயே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவள் மேஜைக்கு அடியிலிருந்து மீதி மாவுக்கட்டுத் துணியை எடுத்தாள். அண்ணன் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பில் முக்கினாள். காண்ட்ராக்டர் திறந்த மூடியை மூடி, இரண்டு மூடிக்கும் மேலே வழித்துச் சுற்றினாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். விரலில் ஒட்டிய மாவைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "இனிமே இதத் திருப்பணும்னா ஒடச்சுத்தான் திருப்பணும். ஒடச்சா எல்லாருக்கும் தெரியும். எனக்கே எம்மேல நம்பிக்க இல்ல அண்ணாச்சி, அதான்" என்றாள்.

காண்ட்ராக்டரின் சிரிப்பு போய்விட்டது. "அப்ப நாளைக்குத் தேரன்னைக்கு இந்த எடத்துல வேற கட. சாமான எடுத்துக்கிட்டுப் போ."

"போறேன்."

அண்ணன், "செத்த நேரம் பொறு, பேசிப் பாப்போம்" என்றார். மதினி அதற்குள் பலகையின் ஒரு முனையைத் தூக்கிவிட்டாள். மறுமுனையை யார் தூக்குவது? நான் தூக்கினேன். கொஞ்ச தூரம் போனதும் கனம் குறைந்தது. அண்ணன் நடுவில் தோள் கொடுத்திருந்தார்.

கயிற்று வேலிக்கு வெளியே, ரோட்டைத் தாண்டி, பருத்தி மூட்டை போடுகிற ஒரு கொட்டகை. அதன் முற்றத்தில் தெலுங்கு பேசுகிற ஒரு அம்மாள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதினி போய்க் கேட்டாள். அந்த அம்மாள் துப்பாக்கியின் கட்டைப் பார்த்தாள், எங்கள் முகத்தைப் பார்த்தாள். "இக்கட பெட்டுகோ தல்லி. இங்கனயே வச்சுக்கோ, எவன் கேக்கான்னு பாப்போம்" என்றாள்.

தேரன்று காலையில் அங்கே யாரும் வரவில்லை. கூட்டமெல்லாம் தேர் போகிற பக்கம் இருந்தது. மதினி வழக்கம்போல முதல் குண்டைச் சுட்டாள், பார்க்க நாங்கள் மூன்று பேர்தான். மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள். முந்தின நாள் வந்துவிட்டு, உள்ளே தேடிக் காணாமல், விசாரித்துக்கொண்டு வந்தவர்கள். வந்தவர்கள் அடித்தார்கள். அடித்தவர்கள் மறுபடி உள்ளே போய் அந்த நாலு கடையிலும் சுட்டுப் பார்த்தார்கள். அங்கே தப்பியது. முன்பெல்லாம் தப்பினால் கையை உதறிக்கொண்டு போவார்கள் அல்லவா, இப்போது போகவில்லை. துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் குழலின் நுனியைப் பார்த்தார்கள். "ஏலே, வெளிய ஒரு பொம்பள கடையில எனக்குப் பத்தும் விழுந்துச்சு. இங்க மட்டும் என் கண்ணு எங்கலே போச்சு?" என்று ஒரு மில்காரர் மேஜையைத் தட்டிக் கேட்டாராம். ஒருவர் கேட்டதும் பத்துப் பேர் கேட்டார்கள். ஒரு கடையில் துப்பாக்கியைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டார்கள்.

அடுத்த நாள் வெயில் ஏறுகிற நேரத்தில் காண்ட்ராக்டர் ரோட்டைத் தாண்டி வந்தார். இந்தத் தடவை சோடா வாங்கிக்கொண்டு வரவில்லை. பலூன் வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே, "யம்மா, நடந்தது நடந்துபோச்சு. உள்ள வா. ராட்டினத்துக்குப் பக்கத்து எடம் ஒனக்குத்தான். துப்பாக்கிய ஒன் இஷ்டம்போல வச்சுக்கோ. ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார்.

அண்ணன் ஊதிக்கொண்டிருந்த பலூனை வாயிலிருந்து எடுத்துவிட்டார். காற்றுப் போயிற்று. ராட்டினத்துக்குப் பக்கத்து இடம் என்றால் சும்மாவா. அதற்காகவே வருஷக்கணக்கில் அண்ணன் அவர் பின்னால் நடந்திருக்கிறார்.

மதினி கையில் இருந்த துப்பாக்கிக்குக் குண்டைப் போட்டுக் குழலை நேராக்கி, வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்தாள். "ரெண்டு கண்ணும் தொறந்திருக்கட்டும்மா" என்றாள். பிறகு காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினாள்.

"வாரேன் அண்ணாச்சி. இப்பவே வாரேன். மாவுத்துணி நெறைய இருக்கு. அந்த நாலு துப்பாக்கியயும் ஒரு தடவ என் கையில குடுங்க."

அவர் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். ரோட்டைத் தாண்டி உள்ளே போனார்.

அந்த நாலு துப்பாக்கியும் அந்த வருஷம் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. நாங்கள் அந்த வளவை விட்டு வீடு மாறிப் போகிற வரைக்கும் மதினி வேலிக்கு வெளியேதான் கடை போட்டாள்.